ஒற்றைப்படை நாளில் விசில் இல்லை

நேற்றுவரை நம்மைப் போலவே மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஒருவர், மூச்சுவிடுவதற்கு ஆதாரம் கேட்கத் தொடங்குவது எப்போது? மூன்று நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய நாலாம் நாள் காலையில்.

இந்த இனத்தை நீங்கள் எளிதாக அடையாளம் காணலாம். பயிற்சியில் மாட்டிவிட்ட அட்டை கழுத்தில் இன்னும் தொங்கும். அக்குளில் ஒரு கோப்பு. நாக்கில் ஒரே கேள்வி.

நம் சுகாதார நிலைய நர்ஸ் பன்னிரண்டு வருடம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு சாதுவாகத்தான் இருந்தார். 'சான்று அடிப்படையிலான பணிமுறை' என்ற தொடர்கல்விக்குத் துறை அவரை அனுப்பியது. போனவர் நர்ஸ், திரும்பியது 'ஆதாரம்' என்ற பட்டப்பெயர்.

"தலை வலிக்குது, ஒரு காபி போடேன்" என்றார் கணவர்.

"காபி குடிச்சா தலைவலி போகும்னு என்ன ஆதாரம்?"

"எனக்குப் போகுதே!"

"ஒருத்தர் சொன்னா ஆதாரம் ஆயிடுமா? நூறு பேரையாவது கேக்கணும்."

"நூறு பேரு வர்றதுக்குள்ள என் தலையே போயிடும்" என்று அவரே பாலை அடுப்பில் வைத்தார்.

படிப்பைக் குறை சொல்வதற்கில்லை. ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடும் பழக்கத்தை நிறுத்தினார், சரி. குழந்தையை மேசையில் கிடத்தாமல் தாய் மடியிலேயே வைத்து ஊசி போட்டார்; மிகச் சரி. அங்கேயே நின்றிருக்கலாம். நின்றால் அந்த இனமா?

சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பணியிடப் பழக்கம் ஒன்றை ஆராய்ந்து, பயனில்லை என்றால் ஒழித்து, இரண்டு மாதத்தில் அறிக்கை தரவேண்டும். சான்றிதழ் கிடைத்தால் அடுத்த வருடம் அவரே பயிற்சியாளர். சுற்றுமுற்றும் பார்த்த அவர் கண் விசில் அக்காவின் உதட்டில் போய் நின்றது.

விசில் அக்கா உடன் வேலை பார்க்கும் மூத்த நர்ஸ். ஊசி இறங்கும் நொடியில் குருவிபோல விசிலடிப்பார். குழந்தை ஜன்னலைப் பார்க்கும், தாயும் பார்ப்பாள், ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரியே பார்த்தார். அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

"கவனத்தைத் திருப்பினா வலி குறையும்னு கட்டுரை இருக்குக்கா. விசிலடிச்சா குறையும்னு இல்லையே!"

"அப்போ என் வாயைத் தைச்சிடப் போறியா?"

"ஆராய்ச்சி பண்ணிட்டுச் சொல்றேன்."

இரட்டைப்படைத் தேதியில் விசில், ஒற்றைப்படையில் மௌனம். இரண்டிலும் எத்தனை குழந்தைகள் அழுகின்றன என்று எண்ணவேண்டும். திட்டத்தில் ஓட்டையே இல்லை, தாய்மார்களுக்கும் நாட்காட்டி பார்க்கத் தெரியும் என்ற ஒன்றைத் தவிர.

"இன்னைக்குப் பதினேழா? நாளைக்கு வரேன் சிஸ்டர்" என்று ஊசியறை வாசலிலேயே திரும்பினாள், இரட்டைக் குழந்தைகளின் தாய்.

"ஏம்மா?"

"நாளைக்குத்தானே விசிலு!"

மூன்றாம் வாரம் ஒற்றைப்படை நாட்களில் ஊசியறையில் ஈ ஓட்டினார்கள். இரட்டைப்படை நாட்களில் வரிசை தெருவரை நீண்டது.

"ரோடு வரைக்கும் நிக்குதே, இது ஆதாரமில்லையாடி?"

"இல்லவே இல்லக்கா! இது ஆய்வையே கெடுக்கிற பாரபட்சம்!" என்று நர்ஸ் தலையில் கைவைத்தார்.

முப்பத்தொன்றாம் தேதி ஒருவரும் வரவில்லை. மறுநாள் ஒன்று, அதுவும் ஒற்றைப்படை. விவரம் தெரியாத தகப்பன் ஒருவர் மட்டும் ஒன்றரை வயது மகளைத் தூக்கிவந்தார். மகளுக்கு விவரம் தெரியும், முன்பே வந்தவள். ஊசியைக் கண்டதும் உடம்பை விறைத்துக்கொண்டு விசில் அக்காவின் வாயையே பார்த்தாள். அக்கா விதிப்படி உதட்டை இறுக்கி நின்றார். குழந்தை காத்திருந்தது. கீழுதடு மெல்லப் பிதுங்கியது.

அப்போது நர்ஸ் உதட்டைக் குவித்தார். முதலில் வெறும் காற்று. அடுத்து, பழுதான குக்கர் மாதிரி ஒரு சத்தம். எந்தக் குருவியும் அதைத் தன் இனம் என்று ஒப்புக்கொள்ளாது. குழந்தை வாய்பிளந்து அவரைப் பார்த்தது. ஊசி இறங்கி ஏறியது. அழுகைக்குப் பதில் ஒரு கெக்கலிப்பு.

"என்னடி, இன்னைக்கு ஒண்ணாம் தேதி!" என்றார் அக்கா.

"அடுத்த குழந்தையைக் கூப்பிடுங்கக்கா."

வெளியே அடுத்த குழந்தை இல்லை.

அறிக்கையை அவர் அனுப்பவில்லை. சான்றிதழும் வரவில்லை. ஏன் என்று கணவர் கேட்டார், அக்கா கேட்டார், துறை கடிதமே போட்டுக் கேட்டது.

உங்களுக்கும் கேட்கத் தோன்றுகிறதா? இதெல்லாம் நடந்ததற்கு என்ன ஆதாரம் என்றும் நாக்கு நுனியில் நிற்கிறதா? எதற்கும் கழுத்தைத் தடவிப் பாருங்கள். அட்டை தொங்கப்போகிறது.