ஆயுத பூஜைக்கு அணைத்த பெட்டி

இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வந்திருந்தால் போய்ப் பாருங்கள். அடுத்தவள் அவமானப்பட்ட கதை என்றால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள். நானாவது மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், எனக்கு வம்பு பிடிக்கும். படித்த உங்களுக்கு என்ன வந்தது? சரி, கேட்டுத் தொலையுங்கள். ஆனால் சிரிக்கக் கூடாது. இது அரசாங்க விஷயம். (சிரிப்பு வந்தால் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வாருங்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில், பிடோக் வட்டாரத்தில், பத்தாவது மாடியில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அவருடைய தம்பி ராஜன் எங்களோடு இருந்தான். நான் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிச் சீருடையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றவன். அதனால் அவன் என்ஜினியர் ஆன பிறகும் எனக்கு மரியாதை வரவில்லை.

அவனுடைய வேலை, டிவி அலையில் எழுத்துகளை ஏற்றி அனுப்பிச் சோதிப்பது. டிவி படம் கோடு கோடாக வருகிறதாம். மேலே சில கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் காலியாகவே வருகின்றனவாம். அந்தக் காலி இடத்தில் விமான நேரம், மழை நிலவரம் எல்லாவற்றையும் எழுத்தாக ஏற்றி அனுப்பினால், வீட்டில் ஒரு பெட்டி அதைப் பிரித்துத் திரையில் பக்கம் பக்கமாகக் காட்டும். இன்று நீங்கள் போனைத் தடவித் தடவிப் பார்க்கிறீர்களே, அதை அன்று ஆன்டெனா வழியாக வீட்டுக்குள் இறக்கப் பார்த்தார்கள்.

"பஸ்ல சீட்டு காலியா இருந்தா இன்னும் ரெண்டு பேர ஏத்திக்கிற மாதிரியா?" என்று கேட்டேன்.

"ஏறக்குறைய அதான் அண்ணி."

இதில் ஒரு சிக்கல். டிவி நிலையம் பேசும், வீடு பதில் பேசாது. எழுத்து உடைந்து வந்தால் "மறுபடி அனுப்பு" என்று கேட்க வழியில்லை. (மாமியாரோடு ஆறு வருஷம் இருந்த எனக்கு இந்த ஏற்பாடு உடனே புரிந்தது.) அதனால் எப்படி அனுப்புவது என்று முதலிலேயே ஒரு விதி எழுதிவிட வேண்டும். டிவி செய்கிறவர்கள் எல்லாரும் அந்த விதிப்படிதான் பெட்டி செய்வார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை அனுப்ப வேண்டும், ஒன்றில் உடைந்ததை இன்னொன்றிலிருந்து பெட்டி சரிசெய்துகொள்ளும் என்றான் ராஜன். ஒரு முறை போதும், இரண்டு முறை அனுப்பினால் ஜனங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும் என்றார் அவனுடைய பெரிய அதிகாரி மிஸ்டர் ஓங்.

ராஜன் ஒப்பந்த வேலையில் இருந்தான். அவன் சொன்னது நிரூபணமானால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வருஷக் கடைசியில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நிரூபிக்க அவனுக்கு ஒரு மோசமான வீடு தேவைப்பட்டது. பிடோக் முழுவதும் அலைந்து தேடினான். கடைசியில் எங்கள் வீட்டையே தேர்ந்தெடுத்தான். எதிரே ஒரு உயரமான அடுக்குமாடிப் புளோக். அலை அதில் முட்டித் திரும்பி வருவதால் எங்கள் டிவியில் எல்லாருக்கும் இரண்டு மூக்கு. வீட்டுக்குள் ஆன்டெனாவை எங்கே நகர்த்தி வைத்தாலும் அப்படித்தான். செய்தி வாசிப்பவர் எங்கள் வீட்டில் மட்டும் இரட்டைப் பிள்ளைகளாக வந்து வாசித்துவிட்டுப் போவார். இங்கே எழுத்து நிச்சயம் உடையும், உடைந்தால் மிஸ்டர் ஓங் ஒத்துக்கொள்வார் என்பது அவன் கணக்கு.

இரண்டு சாம்பல் நிறப் பெட்டிகள் வந்தன. ஒன்று எழுத்தைப் பிடிக்கிற பெட்டி, டிவி பக்கத்தில் வைத்தார்கள். இன்னொன்று, எத்தனை எழுத்து உடைந்தது என்று மணிக்கு ஒரு தடவை காகிதச் சுருளில் அடிக்கிற பெட்டி. அதை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். ஒரு மாதத்துக்குச் சோதனை. வாரத்துக்கு ஒரு முறை ஆபீஸிலிருந்து ஆள் வந்து காகிதத்தை எடுத்துப் போவார்.

"அண்ணி, இது என் வேலைக் கருவி. இதத் தொடாதீங்க. தூசியா இருந்தாலும் பரவால்ல, அப்படியே விட்டுடுங்க" என்றான் ராஜன்.

வேலைக் கருவி என்று சொன்னவன் அவன்தான். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. வீட்டுக்காரருடைய ஸ்பேனர், என் தையல் மிஷின், அரிவாள்மணை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். பூஜையில் வைத்த கருவிக்கு அன்று ஓய்வு. மறுநாள் பூஜை முடிந்துதான் எடுக்க வேண்டும். இது தெரியாத வீடு உண்டா? எல்லாம் வரிசையாக ஓய்வெடுக்கிறது, டிவி பக்கத்தில் ஒரு கருவி மட்டும் பச்சை விளக்கு எரிய வேலை செய்துகொண்டிருக்கிறது. அதுவும் ஒரு பிள்ளையின் வேலையே நம்பியிருக்கிற கருவி. எனக்கு மனசு கேட்கவில்லை. ராஜன் அந்த வாரம் தெம்பனிஸில் ராப்பகலாக நடந்த வேறொரு சோதனைக்குப் போயிருந்தான், வீட்டில் தங்கவில்லை. பெட்டிக்குச் சந்தனம் பூசினேன், குங்குமம் வைத்தேன், ஒரு முழம் மல்லிகையைச் சுற்றினேன். பிறகு பின்பக்கச் சுவிட்சை அணைத்தேன். "இவன் வேல நிரந்தரமாகணும் தாயே" என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் பூவை எடுத்து, துடைத்து, சுவிட்சைப் போட்டேன்.

அலமாரிக்குப் பின்னால் இருந்த காகிதப் பெட்டியை நான் மறந்தே போனேன். அதை யாரும் அணைக்கவில்லை. பிடிக்கிற பெட்டி தூங்கிவிட்டதால் உடைந்த எழுத்து எதுவும் அதற்கு வந்து சேரவில்லை. மணிக்கு ஒரு முறை அது கடமை தவறாமல் பூஜ்யம், பூஜ்யம் என்று அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நான்கு நாள் கழித்து ராஜன் சாயங்காலம் வந்தான். சட்டைப் பித்தானைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"என்னாச்சு?"

"கூட்டத்துல மிஸ்டர் ஓங் நம்ம வீட்டுக் காகிதத்தக் காட்டினாரு. ஒரு நாள் முழுக்க ஒரு எழுத்துகூட உடையல. சீமையிலகூட இப்படி யாருக்கும் வந்ததில்லையாம்."

"நல்லதுதானே?"

அவன் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. "அண்ணி, உடையணும்னுதான் இந்த வீட்டுலயே வச்சேன். மோசமான வீட்டுலயே சுத்தமா வருதுன்னா எதுக்கு ரெண்டு தடவ அனுப்பணும்னு கேக்கறாரு. அன்னிக்கு ஆன்டெனா எங்க இருந்துச்சோ அந்த இடத்தப் பாக்க நாளைக்கு வர்றாங்க. அந்த இடத்த வச்சே விதி எழுதிடுவாங்களாம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் அணைத்ததற்கும் அந்தப் பூஜ்யத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று பாதி மனசுக்குத் தெரிந்தது. மீதி மனசு, அம்பாள் செய்த அற்புதமாக இருந்தாலும் இருக்கலாம் என்றது. நான் அந்த மீதியோடு போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மிஸ்டர் ஓங் வந்தார். நரைத்த தலை, கஞ்சி போட்ட சட்டை. கூடவே குறிப்பெடுக்க ஒரு பெண். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி காரிடாரில் துணி உலர்த்துகிற சாக்கில் நின்றாள். (ஒரே கைக்குட்டையை ஒரு மணி நேரம் உலர்த்தினாள்.)

மிஸ்டர் ஓங் என்னிடம் மலாயில் பேசினார். எனக்குத் தெரிந்த மலாய் கெய்லாங் மீன் சந்தையில் கற்றது. மீனை விட்டு வெளியே வந்தால் தடுமாறும்.

"அன்னிக்கு ஆன்டெனா எங்க இருந்துச்சு, ஆன்ட்டி?"

குளிர்சாதனப் பெட்டியின் தலையைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று கேட்காதீர்கள். கை அந்தப் பக்கம் போனது. அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மணிக்குக் காத்திராமல் அப்போதே அடிக்க ராஜன் பொத்தானை அழுத்த, காகிதப் பெட்டி கடகடவென்று அடித்தது. மோசம்.

"கொஞ்சம் இடது பக்கம்" என்றேன். இன்னும் மோசம்.

"அன்னிக்குக் குத்துவிளக்கு எரிஞ்சுச்சு" என்றேன். குத்துவிளக்கை ஏற்றினார்கள். அந்தப் பெண் விளக்குக்கும் அரிசி டின்னுக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதிக்கொண்டாள். மிஸ்டர் ஓங் ஆன்டெனாவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி, என் சமையலறை வாசலில் காவடி எடுத்தவர் போல அசையாமல் நின்றார். அவர் முகத்தில் துளிகூட விளையாட்டு இல்லை. ஒரு நாட்டுக்கே விதி எழுதுகிற மனிதர், நான் விரலைக் காட்டிய பக்கமெல்லாம் நகர்ந்தார்.

ராஜன் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டான்.

"அண்ணி, அன்னிக்கு என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல."

"ஒண்ணுமே?"

"பொட்டு வச்சேன்."

"எதுக்கு?"

"பெட்டிக்கு. ஆயுத பூஜ இல்லையா."

"பொட்டு வச்சா பரவால்ல அண்ணி. வேற?"

"அணைச்சேன்."

அவன் கத்தவில்லை. அரிசி டின்மேல் மெதுவாக உட்கார்ந்தான்.

"தம்பி, நீயே போய்ச் சொல்லிடேன். எனக்கு மலாய் வராதுப்பா."

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. ஜெயிக்கறதுக்காக நானே கட்டிவிட்ட கதைம்பாங்க. நீங்கதான் சொல்லணும்."

சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மலாய் நான் பேசியதில்லை. பூஜைக்கு என்ன வார்த்தை என்று தெரியாததால் டிவி முன்னால் நின்று கும்பிட்டுக் காட்டினேன். ஓய்வு என்பதற்குக் கன்னத்தில் கையை வைத்துக் கண்ணை மூடிக் காட்டினேன். பெட்டி தூங்கியது, எழுப்பக் கூடாது, எங்கள் வழக்கம் என்றேன். சொல்லி முடித்தபோது நெற்றிப் பொட்டு வியர்வையில் மூக்குக்கு இறங்கியிருந்தது.

மிஸ்டர் ஓங் ஆன்டெனாவைக் கீழே வைத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். நான் துடைத்தது போதவில்லை. காற்றுப் போகிற இடுக்கில் காய்ந்த சந்தனம் இருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார்.

"மத்த நாள்ல என்ன செஞ்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்த மாதிரி மெதுவாகக் கேட்டால் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு ஆன்டெனாவை ஜன்னலுக்கு மாற்றியது, மழை நாளில் அதன்மேல் ஈரத் துண்டு காயப்போட்டது, மிக்சி ஓட்ட பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ராஜனின் தலை ஒவ்வொரு அங்குலமாக இறங்கியது. குறிப்பெடுத்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

மிஸ்டர் ஓங் கையோடு கொண்டுவந்திருந்த ஒரு மாதத்துக் காகிதத்தையும் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டார். வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே ராஜனிடம் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். போன பிறகுதான் அர்த்தம் கேட்டேன். எல்லாம் குப்பை, முதலிலிருந்து செய், உன் வீடு வேண்டாம், ஆறு மாதம் தருகிறேன் என்றாராம்.

ராஜன் என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். நான் மிளகு ரசம் வைத்தும் பேசவில்லை. நான் செய்ததிலேயே பெரிய தப்பு அணைத்தது இல்லை, முந்தின நாள் சாயங்காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது என்று அந்தப் பதினோரு நாளில் புரிந்தது.

மறு சோதனையை ஆறு வீடுகளில் வைத்தார்கள். பார்த்தால் நான் ஒருத்தி மட்டுமில்லை. ஒரு வீட்டில் பெட்டிமேல் மீன் தொட்டி வைத்தார்களாம். இன்னொரு வீட்டில் விருந்தாளி வந்ததும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்களாம். வீடு என்றால் இப்படித்தான் இருக்கும், அதற்குத் தகுந்த மாதிரிதான் அனுப்ப வேண்டும் என்று கடைசியில் மிஸ்டர் ஓங்கே எழுதினார். இரண்டு முறை என்று விதி வந்தது. ராஜனுக்கு வேலை நிரந்தரமானது. அதற்குப் பிறகு அவர்கள் வெளியே அனுப்பிய சோதனைப் பெட்டி எல்லாவற்றிலும் சுவிட்சின்மேல் டேப் ஒட்டி, நான்கு மொழியிலும் 'அணைக்காதீர்கள்' என்று எழுதினார்களாம். எங்கள் வீட்டில் அந்த டேப்புக்கு 'அண்ணி டேப்' என்று பெயர். இன்றைக்கும் எந்தச் சாமான் புதிதாக வந்தாலும், "அண்ணி டேப் ஒட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ராஜன் பிரிப்பான்.

இதெல்லாம் பிற்பாடு. அன்று மிஸ்டர் ஓங் லிஃப்டில் இறங்கின அடுத்த நிமிஷமே ரஹ்மத் பீவி கைக்குட்டையோடு வந்துவிட்டாள். பின்னாலேயே இன்னும் மூன்று வீட்டுப் பெண்கள்.

"என்ன லா, கவர்மெண்டு ஆளுங்கள்லாம் உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறாங்க?"

முகத்தைத் துடைத்தேன். பொட்டை இருந்த இடத்துக்கு ஏற்றினேன்.

"ஒரு சேதிய எத்தன தடவ சொன்னா வீட்டுக்குள்ள போய்ச் சேரும்னு என்கிட்ட யோசன கேக்க வந்தாங்க" என்றேன். "ரெண்டு தடவன்னு சொல்லியிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் அது பத்தாதுன்னு தனியா எழுதிக்கச் சொன்னேன்."