பேத்துப்பாறையில் காயாத பெயர்

தானம் கொடுப்பவன் தன் பெயரை எழுதிக்கொள்ளக் கூடாது என்று சொல்கிறவர்கள் அநேகமாக எதையும் தானம் கொடுத்திராதவர்கள். நான் கொடுத்தவன். அதுவும் சுவர்க் கடிகாரம் அல்ல. இங்கிலாந்தில் விரல்விட்டு எண்ணும்படி சிலவே செய்யப்பட்ட, நீண்ட மூக்கு வைத்த, பச்சை நிறப் பந்தயக் கார். இரண்டு இருக்கை, ஒரே கதவு. இருபது வருடம் கழித்தும் சொல்கிறேன்: என் பெயர் அதில் இருந்திருக்க வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை ஒரேயடியாகச் சீமைக்குத் திரும்பியபோது, ஆறு வருடம் அந்தக் காரின் ஒவ்வொரு பயணத்தையும் மணி நிமிஷத்தோடு குறித்துவைத்த எனக்கே அதைக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. (அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

எட்டு மாதம் அதில் கோழிகள் தூங்கின. பிறகு பேத்துப்பாறை தர்ம வைத்தியசாலைக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு நர்ஸம்மா. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், ஜீப்பே ஓட்டுவார். ஆனால் ஓட்ட வண்டி இல்லை. நோயாளி யாரானாலும் கயிற்றுக் கட்டிலில் வைத்துக் கோடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். 10.00 கடவுள் வாழ்த்து. 10.10 என் உரை (நான்கு பக்கம்). 10.40 சாவி ஒப்படைப்பு. கதவில் உபயம் எழுதப் பழனியிலிருந்தே ஒரு பெயிண்டரை வரவழைத்தேன். கோயில் பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு என்று எல்லாவற்றிலும் எழுதிப் பழகிய கை. ‘உபயம்’ என்பதைக் கதவின் முன் ஓரத்தில் எழுதிவிட்டு, என் பெயர், தகப்பனார் பெயர், உத்தியோகம், சொந்த ஊர் ஆகியவற்றைக் கதவு நிறைய நான்கு வரிகளில் வெள்ளை எனாமலில் தீட்டி, 9.10க்கு முடித்தார்.

“எப்பக் காயும்?” என்றேன்.

“அரை மணி நேரம் போதும் சார். பழனியில நான் அடுத்த பேரு எழுதுறதுக்குள்ள மொதப் பேரு காஞ்சு கெடக்கும்.”

பழனியில் காயும். அன்றைய என் நாட்குறிப்பில் ‘9.25 மூடுபனி இறங்கியது’ என்றும் இருக்கிறது. எனாமலையும் பனியையும் அடுத்தடுத்து எழுதிய நான் இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

10.17க்கு, உரையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தபோது, நான்கு பேர் ஒரு கட்டிலைச் சுமந்து வந்தார்கள். கட்டிலில் செல்லம்மா என்ற நிறைமாதப் பெண். பின்னாலேயே அவள் மாமியார். நர்ஸம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“பிள்ளை குறுக்க கெடக்கு சார். இப்பவே கோடைக்கானல் போகணும். சாவியக் குடுங்க.”

“சாவி பத்து நாற்பதுக்குத்தான்” என்றேன்.

நான் அப்படித்தான் சொன்னேன். நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

“ஏலே, உள்ள ஒரு உசுரு கெடந்து தவிக்குது. இந்த மனுசன் மணி பாத்துக்கிட்டு நிக்கிறான்” என்றாள் மாமியார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் காரின் முன்னால், என் விழாவில், என்னையா? “ரெண்டே நிமிஷம், சுருக்கி முடிச்சுடறேன்” என்று கைகளை விரித்து, அந்த ஒரே கதவின் மீது நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

“ஏங்க, வெரசா நகருங்க” என்று வந்தாள் என் மனைவி கமலா. நான் வாயைத் திறப்பதற்குள் என் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டாள். தாலி கட்டிய மனைவி! கட்டில் தூக்கி வந்தவர்களில் இரண்டு பேர் என்னையும் கட்டிலைப் போலவே தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

10.24க்குக் கார் கிளம்பியது. ஓட்டுவது நர்ஸம்மா, பக்கத்தில் செல்லம்மா, பின்னால் ஸ்டெப்னி டயரைக் கட்டிப்பிடித்தபடி மாமியார். காரின் மூக்கில் நான் போட்ட சம்பங்கி மாலை. கூட்டம் கைதட்டியது. எனக்கல்ல, காருக்கு.

மிச்சம் இரண்டு பக்கத்தை யாரிடம் வாசிப்பது என்று திரும்பினேன்.

“சார், அசையாதீங்க” என்றார் பெயிண்டர். “பேரு பூராவும் உங்க வேட்டியில இருக்கு.”

தாழ்வான கார். ஆகவே முதுகில் அல்ல, உட்காரும் இடத்தில். தகப்பனார் பெயர் உட்பட நான்கு வரியும் இடம் வலம் மாறித் தெளிவாக. அப்படியே ஊர் நடுவே பஸ் நிற்கும் இடம்வரை நடந்தேன். கமலா பின்னால் மறைத்துக்கொண்டு வந்திருக்கலாம். பத்தடி தள்ளி, சிரித்துக்கொண்டு வந்தாள்.

அன்று மதியம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம் என்று நானே குறித்திருக்கிறேன். (நான் கல்நெஞ்சன் அல்ல.) ஆனால் நான்காம் நாள் போய்ப் பார்த்தால், கதவின் ஓரத்தில் ‘உபயம்’ மட்டும் பளிச்சென்று இருந்தது. அதற்குப் பிறகு வெறும் தீற்றல். ஊரில் யாரைக் கேட்டாலும் “யாரோ ஒரு புண்ணியவான்” என்றார்கள். மறுபடியும் எழுத அனுமதிக்கும்படி நர்ஸம்மாவிடம் முறையாக விண்ணப்பித்தேன்.

“தாராளமா எழுதலாம் சார்” என்றார். “ஆனா காயணும்னா வண்டி ஒரு நாளாவது நிக்கணுமே.”

வண்டி நிற்கவே இல்லை. ஒன்பது வருடம் ஓடியது.

போன மாதம் செல்லம்மாவின் அந்த மகளுக்குக் கல்யாணம். பித்தளைக் குடம் கொண்டுபோனேன். பெயரைப் பெயிண்டில் எழுதவில்லை, உளியால் வெட்டச் சொன்னேன். பந்தலில் அதைப் புரட்டிப் பார்த்த செல்லம்மா, “இது யாரு பேருங்க?” என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் என் மகள், “அப்பா, திரும்பி நில்லுங்க. நான் போய் மொகம் பாக்குற கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்” என்றாள்.

வேட்டி இன்னும் கமலாவின் பெட்டியில்தான் இருக்கிறது. எனாமல் இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது.