ஓடவே ஓடாத பெட்டி

நூலகர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அதுவே முதல் தடவை என்று சொன்னால் பொய். வாராவாரம் மாட்டிக்கொள்வார். ஆனால் கையெழுத்தும் போட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

அவருடைய மனைவி துணி தைப்பவர். இருபது வருஷமாகக் காகிதத்தில் அளவு வரைந்து வெட்டுகிறவருக்கு, அதையே கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொள்ள ஆசை. வீட்டிலிருந்தபடியே படிக்கலாம். ஆறு மாசம், தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. இடித்தது அங்கேதான். ஆறிலிருந்து எட்டு, நூலகர் அதே கம்ப்யூட்டரில் சதுரங்கம் ஆடும் நேரம். அவருக்காக அடுப்பில் ராச்சாப்பாடு வேகும் நேரமும் அதுவே. ஒரே அடியில் ராணியும் போச்சு, ராச்சாப்பாடும் போச்சு என்றால் மனுஷன் சும்மா இருப்பாரா?

"இந்த வயசுல எதுக்குப் படிப்பு?" என்று கேட்கத் தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியும். அதனால் பழியைத் தூக்கிக் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் போட்டார்.

"படிக்காதேன்னு நான் சொல்லலைம்மா. அந்த வகுப்புக்குக் கம்ப்யூட்டர்ல புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏத்தணுமாம். நம்ம பெட்டிக்குப் பதின்மூணு வயசு. அதுவே சொல்லுது பாரு."

திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை.'

"அப்ப புதுசு ஒண்ணு வாங்கலாமே?"

"நல்லா இருக்கிற சாமானைத் தூக்கிப் போடுறதா?"

"நல்லா இருக்குன்னா ஏன் ஓடாது?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓடாது."

இதே வாதத்தை ஒரு மனைவி வைத்திருந்தால் தெருவே சிரித்திருக்கும். கணவர் வைத்ததால் அதற்குப் பெயர் அனுபவம்.

"ஒருவேளை ஓடிட்டா?"

"ஓடிட்டா நீ தாராளமாப் படி! ஆறு மாசமும் ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. எழுதியே தர்றேன்!"

எழுதித் தருகிறேன் என்பது பேச்சு அழகுக்குச் சொல்வது. அது மனைவிக்குத் தெரியாதா? தெரியாதவர் மாதிரியே, வெட்ட வைத்திருந்த சட்டைக் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். நூலகர் முதுகுப் பக்கம் வாக்குறுதியை எழுதி, காலர் கிட்டே கையெழுத்துப் போட்டார். ஓடாத பெட்டிதானே? ஒரு சட்டைக்குப் பத்துக் கையெழுத்துகூடப் போடலாம்.

சனிக்கிழமை காலையில் மேல்வீட்டு மருந்துக்கடைக்காரர் வந்தார். தைக்கக் கொடுத்த கால்சட்டையை வாங்கிக்கொண்டு போக வேண்டியவர், கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றார்.

"சார், இது இன்னும் உயிரோட இருக்கா?"

"ஏன், அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லை. போட்டுட்டுப் போய்க் குளிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்குமாமே?"

"துணியும் துவைச்சுட்டு வரலாம்," என்றார் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"எங்க வீட்டுப் புது சிஸ்டம் பறக்குது சார். இதுல அது ஓடவே ஓடாது. பேசாம கதவுக்கு முட்டுக் கொடுத்துடுங்க."

"ஓடாதுன்னு யார் சொன்னது?"

"அதுவே சொல்லுதே சார், தகுதி இல்லைன்னு!"

"தகுதியைச் சொல்ல அது யாரு? வயசைப் பார்த்துத் தகுதி சொல்றதா? இது எந்த ஊரு நியாயம்?"

தையல் மெஷின் ஒரு கணம் நின்றது.

"விட்டுடுங்க," என்றார் மனைவி சாந்தமாக. "அவர் சொல்றது சரிதானே? நீங்களேகூட அன்னிக்கு..."

"நீ சும்மா இரு! என் பெட்டியைப் பத்தி உங்க ரெண்டு பேருக்கும் என்ன தெரியும்?"

அடுத்த பத்தாவது நிமிஷம் பெட்டி வயிறு திறந்து பழைய செய்தித்தாள்மேல் கிடந்தது. உள்ளே இருந்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். நூலகர் கடைக்கு ஓடி மெமரி வாங்கினார். கிழட்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புது வகை டிஸ்க்கை மாட்டினார். நூலகத்துக் கணினிப் பத்திரிகைகளையெல்லாம் கட்டாகத் தூக்கி வந்து, தகுதிச் சோதனைக்குத் தண்ணி காட்டிவிட்டு சிஸ்டத்தை ஏற்றும் வழியைக் கண்டுபிடித்தார். பென்டிரைவைச் சொருகினார். தகுதி இல்லை. மறுபடி சொருகினார். தகுதி இல்லை. சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மனைவி தட்டைப் பக்கத்தில் வைத்தார். மெஷினுக்கு வைத்திருந்த குட்டி ஸ்க்ரூடிரைவரையும் கேட்காமலே கொடுத்தார். இவ்வளவு ஒத்தாசை ஏன் என்று யோசித்திருக்கலாம். ரோஷத்துக்கும் யோசனைக்கும் என்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெட்டி கண் திறந்தது. குளிக்கப் போவது இருக்கட்டும், துண்டை எடுக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. புது சிஸ்டம் பளிச்சென்று வந்து நின்றது.

"யோவ் மருந்துக்கடை! இறங்கி வாய்யா!"

கூப்பிட்டு முடிப்பதற்குள் அவர் வாசலில் இருந்தார். பார்த்தார். கும்பிட்டார். "தோத்துட்டேன் சார்," என்றார். தோற்றவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நூலகர் எந்தச் சதுரங்கத்திலும் பார்த்ததில்லை.

மனைவி வந்தார். சட்டைக் காகிதத்தைக் கம்ப்யூட்டர் முன்னால் விரித்தார்.

நூலகருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அது வந்தும்மா... ஓடுதுன்னு முழுசாச் சொல்லிட முடியாது..."

"அப்ப ஓடலையா சார்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

நூலகர் மனைவியைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ராஜாவுக்கு வெட்டு.

"ஓடுதுய்யா!" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நாளைக்கு முதல் வகுப்பு," என்றார் மனைவி. "பணம் கட்டிப் பத்து நாளாச்சு. சமையலை இன்னிக்கே ஆரம்பிச்சா உங்களுக்கும் கை பழகும். வெங்காயம் கூடையில இருக்கு."

முதல் வெங்காயத்திலேயே நூலகருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவதை உரிக்கும்போது வாசலிலிருந்து கிசுகிசுப்பு கேட்டது.

"கால்சட்டைக்குக் கூலி வேணாம்னு சொன்னீங்களே, நெசமாவா அக்கா?"

"நெசமாத்தான். இன்னும் ஒரே ஒரு வேலை இருக்கு. அடுத்த வாரம் வந்து, சாருக்குச் சமைக்கவே வராதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

எல்லாம் புரிந்தது நூலகருக்கு. எப்படி நடந்தது, யார் நடத்தியது, எல்லாமே. புரிந்தபிறகும், கையில் கத்தியோடு வாசலுக்குப் பாய்ந்து வந்தார்:

"வராதுன்னு யார் சொன்னது?"