ஒரே விலை, நாற்பத்தெட்டு பவுண்டு

நாண் பாதி வழி வந்தது. அதற்கு மேல் வருவதாக இல்லை.

காங்கேயம் எண்ணெய் ஆலைக் களத்தில், காயப்போட்ட தேங்காய்ப்பருப்புக்கு நடுவே, ஆலை முதலாளி நஞ்சுண்டன் பல்லைக் கடித்துக்கொண்டு வில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முகம் சூளைச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு செருப்பு எப்போதோ கழன்று பருப்புக்குள் போய்விட்டது.

"ஏனுங்க, அதென்ன சண்டி மாடா? அரை மணி நேரமா கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கறீங்க," என்றார் மனைவி குழந்தையம்மாள், மோர்ச் சொம்போடு.

"நீ சித்த சும்மா இரு. இது நாப்பத்தெட்டு பவுண்டு."

"இழுக்க முடியாதத எதுக்குங்க வாங்கிப்போட்டீங்க?"

எதுக்கு என்றால், எல்லாம் ஒரே விலை என்பதால்தான்.

கோவையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் ரூபினா முதலிலேயே பொறுமையாகச் சொன்னாள். "புதுசா பழகறவங்களுக்கு இருபத்திநாலு பவுண்டு போதுமுங்கய்யா. முழுசா இழுத்துப் புடிக்கறப்ப பதினோரு கிலோவைத் தாங்கற மாதிரி இருக்கும்."

"அதுக்கு மேல இல்லீங்களா?"

"இருக்குதுங்க. நாப்பத்தெட்டு வரைக்கும் இருக்குது."

"அது என்ன விலைங்க?"

"எல்லாம் ஒரே விலைதானுங்க."

நஞ்சுண்டன் வாழ்நாளெல்லாம் எடை போட்டுப் பருப்பு வாங்கி, எடை போட்டு எண்ணெய் விற்றவர். ஒரே விலைக்கு இரண்டு மடங்கு எடை கிடைக்கும்போது பாதியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிற வியாபாரி கொங்கு நாட்டில் பிறந்ததில்லை. தப்பித் தவறிப் பிறந்திருந்தால், அவன் இந்நேரம் கடையை மூடிவிட்டுக் கவிதை எழுதிக்கொண்டிருப்பான்.

"அந்த நாப்பத்தெட்டையே போடுங்க அம்மணி. விலை ஒண்ணுன்னா எவனாச்சும் இருபத்திநாலை வாங்குவானா?"

"சரீங்கய்யா," என்றாள் ரூபினா. வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது அந்தப் பக்கத்து வழக்கமில்லை.

வில்லை வாங்கியதோடு நிறுத்தியிருந்தால் ஊறுகாய்ப் பரணில் போட்டு மறந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பந்தயம் வந்து சேர்ந்தது.

ஊர்ப் பிள்ளைகள் வில்வித்தை பழக ஒரு திடல் அமைக்கிறார்கள். நிலம் நஞ்சுண்டன் கொடுத்தது. கொட்டகையும் இலக்குப் பலகைகளும் அவர் மகள் லோகப்பிரியாவின் மாமனார், பெருந்துறையில் கோழித்தீவன ஆலை நடத்தும் பொங்கியண்ணன் கொடுத்தது. வாசல் வளைவில் யாரைப் பெற்ற அய்யன் பேரைப் போடுவது? இரண்டு சம்பந்திகளும் ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதையானவர்கள். ஆகவே இரண்டு மாதமாக ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

"உங்கய்யன் பேரே இருக்கட்டுங்க சம்பந்தி."

"அதெப்படிங்க? உங்கய்யன் பேரே இருக்கட்டுங்க."

இப்படி இருவரும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஒருவரும் விட்டபாடில்லை. கடைசியில் ஒரு சீர் விருந்தில், நஞ்சுண்டன் புது வில்லைப் பற்றிப் பெருமையடித்தபோது, பொங்கியண்ணன் பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னார்: "அப்படீன்னா ஒண்ணு செய்யலாமுங்க. திறப்பு விழா அன்னைக்கு அந்த நாப்பத்தெட்டு பவுண்டை நீங்க தாடை வரைக்கும் இழுத்து, முதல் அம்பை இலக்குல வுட்டுப்போட்டா, உங்கய்யன் பேரு. முடியலீன்னா எங்கய்யன் பேரு."

"இழுத்தாச்சுன்னு வெச்சுக்கோங்க," என்றார் நஞ்சுண்டன்.

அவருடைய அய்யன் ஒற்றை மாட்டுச் செக்கில் தொடங்கி ஆலை வைத்தவர். அந்தப் பெயர் வளைவில் ஏறாவிட்டால், ஆலைப் புகைபோக்கியை நிமிர்ந்து பார்க்கவே தமக்கு முகமிருக்காது என்று நஞ்சுண்டன் நினைத்தார்.

வில்லோ அசையவில்லை.

எண்ணெய் ஆலைக்காரருக்கு எந்தச் சிக்கலுக்கும் ஒரே மருந்துதான் தெரியும். கதவு கிறீச்சிட்டாலும், முழங்கால் வலித்தாலும், பேத்தி முடி சிக்கலானாலும் அதே மருந்து. மறுநாள் காலை நாணுக்கும் விரல்களுக்கும் நன்றாகத் தேங்காயெண்ணெய் தடவினார்.

இந்த முறை நாண் முக்கால் வழி வந்தது. பிறகு எண்ணெய் தன் குணத்தைக் காட்டியது. விரலிலிருந்து வழுக்கிய நாண் இடது முன்கையைச் சுளீரென்று அறைந்தது. களத்திலிருந்த காக்கைகள் மொத்தமும் பறந்தன.

சாயங்காலத்துக்குள் முன்கை நாவற்பழ நிறமாகிவிட்டது. மறைக்க முழுக்கைச் சட்டை போட்டார். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டால் யார் கேட்காமல் இருப்பார்கள்?

"அவரு வில்லு பழகறாருங்க. நாணு அடிச்சாலே கை இப்படி ஆயிருதுன்னா, அம்பு பட்டா என்னாகும்னு பாத்துக்கோங்க," என்று குழந்தையம்மாள் கணவரின் மானத்தைக் காப்பாற்றினார்.

காப்பாற்றிய மானம் இரண்டே நாளில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபிளெக்ஸ் பலகையாக எழுந்து நின்றது. கையில் வில்லோடு நஞ்சுண்டன். பக்கத்தில் உறுமும் புலி. கீழே, '48 பவுண்டு வில்லை இழுக்கும் எங்கள் வேந்தே, வருக!' வைத்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். கழற்றச் சொன்னால் அவர்கள் மனம் நோகும். கழற்றாவிட்டால் இவர் தோள் நோகும்.

வேறு வழியில்லாமல் திடலுக்கு நியமிக்கப்பட்ட பயிற்சியாளர் ஷ்ரவ்யாவை வரவழைத்தார். இருபத்தி நான்கு வயசு. மாநில அளவில் பதக்கம் வாங்கியவள். வந்ததும் வில்லை முகர்ந்து பார்த்தாள்.

"இதென்னங்க சார், பொரிச்ச அப்பளம் மாதிரி வாசம் வருது?"

"அது… காத்துல வந்திருக்கும் கண்ணு."

அவள் நாணைத் துடைத்தாள். "இழுங்க, பாக்கலாம்."

நஞ்சுண்டன் இழுத்தார். அவள் வில்லைப் பார்க்கவே இல்லை. இவர் காதைப் பார்த்தாள்.

"தோளு ரெண்டும் காதைத் தொடுது சார். பயம் அங்கதான் ஏறி உக்காந்திருக்குது. முதல்ல வில்லை இப்படி நெரிக்காதீங்க. கட்டைவிரல் அடி மேட்டுல அது சும்மா சாஞ்சிருந்தாப் போதும்."

"கீழ வுழுந்துராதா?"

"இழுக்கறப்ப எப்படிங்க வுழும்? அதுவே உள்ளங்கையில வந்து உக்காந்துக்கும். நாணை மூணு விரலோட முதல் கணுவுல கொக்கி மாதிரி மாட்டுங்க. அவ்வளவுதான். பிடிக்க வேண்டாம்."

நஞ்சுண்டன் யோசித்தார். "சந்தையில துண்டுக்கடியில விரலைப் புடிச்சு மாட்டு வெலை பேசறமே, அந்த மாதிரியா? இறுக்கிப் புடிச்சா நம்ம அவசரம் எதிராளிக்குத் தெரிஞ்சுபோகும்."

"அதேதான் சார்!" ஷ்ரவ்யா சிரித்துவிட்டாள். "இப்ப முழங்கைய லேசா வெளிப்பக்கம் திருப்பிக்குங்க. நாணு கையில அடிக்காது. அப்புறம் முக்கியமான விஷயம். கையால இழுக்காதீங்க. கை வெறும் கயிறுதான். இழுக்க வேண்டியது முதுகு. பின்னாடி ஒருத்தர் நிக்கறாரு, அவர வலது முழங்கையால மெதுவாத் தள்றீங்கன்னு நெனைச்சுக்குங்க. முதுகுல இருக்கற ரெண்டு தோள்பட்டையும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கற மாதிரி கிட்ட வரணும்."

"அப்புறம்?"

"கை தாடைக்கடியில வந்து நிக்கும். தினமும் ஒரே எடத்துல நிக்கணும். கடைசியா அம்பை வுடாதீங்க. விரலு அதை மறந்துபோகணும். முதுகு மட்டும் இழுத்துக்கிட்டே இருக்கட்டும்."

பாடம் புரிந்தது. வியாபாரிக்குப் புரியாத பாடமா அது? ஆனால் வில்லின் கீழ்ப்பட்டையில் வெள்ளை எழுத்தில் இருந்த '48' கண்ணில் பட்டதும் தோள்கள் மறுபடி காதைத் தேடிப் போயின. நாலு நாள் பழகியும் நாண் மூக்குக்கு எதிரே வந்து நின்றுகொண்டது.

"சார், வில்லோட இந்த ரெண்டு பட்டையத்தான் லிம்ப்புன்னு சொல்றது. எடை பூரா இதுலதான். இதை மட்டும் கழட்டிப்போட்டு இருபத்திநாலை மாட்டிக்கலாமுங்க. பழகப் பழக ஏத்திக்கலாம். அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை."

"எனக்கா கண்ணு? இருபத்திநாலா?" என்று நஞ்சுண்டன் சிரித்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆலைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரூபினாவைக் கூப்பிட்டார்.

"அம்மணி, அந்த இருபத்திநாலு லிம்ப்பு… அதுல நாப்பத்தெட்டுன்னு எழுதித் தர முடியுங்களா?"

"முடியாதுன்னு நான் எப்படிங்கய்யா சொல்றது?"

"ஞாயித்துக்கெழமை காலைல திடலுக்கு வந்து, ஆருக்கும் தெரியாம மாட்டிப்போடுங்க. நான் கிட்டயே வர மாட்டேன்."

"நீங்க மேடைக்கு வாரதுக்குள்ள மாட்டிப்போடறேனுங்க. நீங்க கவலைப்படாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை திடலில் ஊரே கூடியிருந்தது. பொங்கியண்ணன் பெருந்துறையிலிருந்து இரண்டு வேன் ஆள் கூட்டிவந்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று தன் அய்யன் பேர் எழுதிய பலகையையும் வேனிலேயே வைத்திருந்தார். சம்பந்தி ஆனாலும் வியாபாரி அல்லவா.

நஞ்சுண்டன் ரூபினாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். போன் அணைந்திருந்தது. 'கெட்டிக்காரி. காரியத்த முடிச்சுப்போட்டு எவன் கேட்டாலும் மாட்டக்கூடாதுன்னு போனையே அணைச்சுட்டா' என்று மெச்சிக்கொண்டார். மேடையில் வில் நாணேற்றித் தயாராக நின்றது. கீழ்ப்பட்டையில் '48'. எழுத்துகூட அச்சு அசலாக அதே மாதிரி. தொழில் சுத்தம்!

"ரெடிங்க சார்," என்றாள் ஷ்ரவ்யா. அவள் முகத்தில் கவலை இருந்தது. இவர் முகத்தில் இல்லை.

பக்கவாட்டில் திரும்பி, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நின்றார். இருபத்திநாலு பவுண்டுதானே என்று வில்லைக் கட்டைவிரல் மேட்டில் சாய்த்தார். மூன்று விரல் கொக்கி மாட்டியது. தோள்கள் கீழே இறங்கின. பின்னால் நிற்கும் ஆளை முழங்கையால் மெதுவாகத் தள்ளினார்.

கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. 'இருபத்திநாலுக்கே இப்படியா? வயசாயிருச்சு நஞ்சுண்டா' என்று உள்ளுக்குள் வருத்தப்பட்டார். ஆனால் முதுகு விடவில்லை. இரண்டு தோள்பட்டையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. கை தாடைக்கடியில் வந்து அமர்ந்தது. விரல் மறந்தது.

அம்பு இலக்கின் நடுவிலிருந்த மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் போய்த் தைத்தது.

திடல் அதிர்ந்தது. ஆலைத் தொழிலாளர்கள் விசிலடித்தார்கள். குழந்தையம்மாள், 'இவரு என்ற ஊட்டுக்காரராக்கும்' என்பதுபோல் நாலு பக்கமும் பார்த்தார். ஷ்ரவ்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், ஒரே வாரத்துல நாப்பத்தெட்டு! நான் பாத்ததே இல்லீங்க!"

நஞ்சுண்டன் தரையைப் பார்த்தார். அவ்வளவு நல்ல பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டியதாயிற்றே.

அப்போதுதான் பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறினார்.

"எங்க, அந்த வில்ல இப்படிக் குடுங்க சம்பந்தி. நானும் ஒருக்கா இழுத்துப் பாத்துப்போடறேன்."

நஞ்சுண்டன் வில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எதுக்குங்க உங்களுக்குச் செரமம்? முதல்ல காப்பி சாப்புடலாம்."

"காப்பி எங்கீங்க போகுது?" வில் கை மாறிவிட்டது.

தீவன மூட்டையைத் தோளில் போட்டு நடந்த ஆள் பொங்கியண்ணன். இருபத்திநாலு பவுண்டை அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே இழுத்துவிடுவார். இழுத்த மறுநொடி பொய் அம்பலமாகும். ஃபிளெக்ஸில் இருக்கும் புலிகூடச் சிரிக்கும். நஞ்சுண்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ம்ம்ம்…ஹூம்!"

கண்ணைத் திறந்தால், நாண் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. பொங்கியண்ணனின் தோள்கள் காதைத் தொட்டன. முகம் செங்கல் நிறமானது. மறுபடி முக்கினார். நாண் வரவில்லை. வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கச் சொன்னார்: "இது உங்களாலதானுங்க முடியும் சம்பந்தி. என்னால ஆவலீங்க."

நஞ்சுண்டன் சம்பந்தியின் முகத்தையே பார்த்தார்.

தெரிந்துகொண்டார்! தொட்டதுமே பட்டை லேசு என்று தெரிந்துகொண்டார். தெரிந்தும், பெண் கொடுத்தவன் ஊர் முன்னால் தலைகுனியக் கூடாது என்று, முக்கி முனகி, முகத்தைக்கூடச் சிவக்கவைத்துக்கொண்டு, இழுக்க முடியாததுபோல் நடிக்கிறார். இப்படி ஒரு பெருந்தன்மையை எந்த ஊரில் பார்க்க முடியும்? இந்த மனுஷனையா பந்தயத்தில் ஏமாற்றினோம்?

வில்லை வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. பந்தயப்படி எங்கய்யன் பேருதான் வெக்கோணும். ஆனா எங்கய்யன் எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்காரு. செயிக்கறது பெருசில்லை, பெரிய மனசுக்கு முன்னால தல வணங்கறதுதான் பெருசுன்னு. வளைவுல என்ற சம்பந்தியோட அய்யன் பேரே இருக்கட்டுமுங்க!"

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பொங்கியண்ணனுக்குச் சுத்தமாகப் புரியவில்லை. ஆனாலும் அவர் வியாபாரி; தானாக வந்த சரக்கைத் திருப்பி அனுப்புகிறவர் இல்லை. "ஆகட்டுங்க," என்றார். மறுநிமிஷமே வேனிலிருந்து பலகை இறங்கியது. கைதட்டல் முதலில் அடித்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஏணி வைத்து, பலகையை வளைவில் ஏற்றி, ஆணியும் அடித்தாகிவிட்டது.

நஞ்சுண்டன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பலகையைப் பார்த்தார். பொய் சொல்லி ஜெயித்ததைவிட, விட்டுக்கொடுத்துத் தோற்றது எவ்வளவு கௌரவமாக இருக்கிறது!

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தாளில் சுற்றிய நீளப் பொட்டலத்தோடு, வியர்க்க விறுவிறுக்க ரூபினா ஓடிவந்தாள். அவர் காதோரம் குனிந்தாள்.

"மன்னிச்சுக்குங்கய்யா, பல்லடத்துலயே பஸ்ஸு நின்னுபோச்சு, போன்ல சார்ஜும் இல்லீங்க… இன்னும் ஆரம்பிக்கலீல்ல? அந்த நாப்பத்தெட்டை இப்படிக் குடுங்க, ஆரும் பாக்கறதுக்குள்ள இருபத்திநாலை மாட்டிப்போடறேன்."