நிலாவுக்குக் கீழே ஒரு வரி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு என் மானத்தைத் தவிர மற்றெல்லாம் நலம். அங்கு எல்லோரும் மானத்தோடு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் குடியிருப்பு வாசலில் உள்ள கரும்பலகையில் தினமும் காலையில் ‘வரலாற்றில் இன்று’ எழுதிவருகிறேன் என்பது தாங்கள் அறிந்ததே. கப்பல் மூழ்கினாலும் மன்னன் தலை போனாலும் இந்தக் கட்டடத்துக்கு என் கையெழுத்தில்தான் தெரியவரும். நேற்று ஜூலை இருபது. ‘மனிதன் முதன்முதலாக நிலவில் கால் வைத்த நாள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே வந்தேன். திரும்பிப் போனால் பலகையைச் சுற்றி ஒரே கூட்டம். கீழே உங்கள் தங்கை எழுதியிருக்கிறாள்: ‘இதே நாளில், கல்யாணமான புதிதில், கீழ்த்தளத்துக்காரர் தன் மனைவியைக் கடலுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். இன்னும் கால் வைக்கவில்லை.’

சொன்னேன், மறுக்கவில்லை. “மனுஷன் நிலாவுக்கே போயிட்டான், உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேனா?” என்று ஏதோ ஒரு வேகத்தில் அளந்துவிட்டேன். அதைத் தேதியோடு முடிந்து வைத்திருப்பாள் என்று கண்டேனா? அப்புறம் ஆபீஸ், மழை, முழங்கால் வலின்னு வருஷம் ஓடிப்போச்சு. மாடிவீட்டு வக்கீல், “வாயால சொன்னாலும் ஒப்பந்தம்தான் சார்” என்கிறார். பால்காரர், “நிலாவுக்குப் போனவங்க திரும்பியே வந்துட்டாங்களே, நீங்க இன்னும் கிளம்பலையா?” என்கிறார். அழிக்கப் போனேன். “அழிச்சா உங்க மத்த வரலாறும் நாளைக்கு வரும்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டஸ்டரை வைத்துவிட்டேன்.

ஆகவே மச்சான், உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் கண்டித்து, அந்த வரியை அழிக்கச் செய்யவும். “ஒரே ஒரு தடவை கடல்ல காலை நனைக்கணும்”னு அவ சொல்றப்போ எனக்கும் என்னமோ செய்யுது. அதை அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், வரலாறு மட்டும் படிக்க வேண்டாமென்று சொல்லவும்.

தலைகுனிந்து நிற்கும்,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: வர வேண்டாம். தபாலில் போடுமுன் இதை அவள் படித்துவிட்டாள். ‘என்னமோ செய்யுது’ என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். இப்போது கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். அந்த வரியை யாரும் அழிக்கக் கூடாதென்று காவலாளியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்; திரும்பியதும் அதன் கீழே ‘கால் வைத்தாயிற்று’ என்று நானே எழுத வேண்டும். முதலில் கால் வைத்தது உங்கள் தங்கை. எனக்கு அலையென்றால் பயம், அதனால்தான் இத்தனை வருஷம் தட்டிக்கழித்தேன். “வாங்க, நான் பிடிச்சுக்கிறேன்” என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு நீச்சல் தெரியுமா மச்சான்? உடனே பதில் போடவும்.