பக்கத்து வீட்டுச் சூடு

வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினாலும் அகப்படாத கூதற்கோட்டை என்னும் மலைநாட்டில், வெயில் எப்போதாவது வந்து போகும் விருந்தாளி. அந்நாட்டு மக்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்கள் மன்னரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். பிடித்தவரின் பானையில் ஆளுக்கொரு கூழாங்கல்லைப் போட வேண்டும், அவ்வளவுதான். மன்னர் நெடுங்கதிர் அப்படித்தான் அரியணை ஏறினார். ஏறிய ஐந்தாம் ஆண்டில், அடுத்த தேர்தல் நெருங்கும் வேளையில், வீட்டுக்கு ஒரு சூட்டுப் பெட்டி கொடுத்தார்.

சூட்டுப் பெட்டி என்பது வெளிநாட்டார் ஹீட் பம்ப் என்று சொல்லும் சாதனம். வெளிக்காற்று எவ்வளவு குளிர்ந்து கிடந்தாலும், அதில் மிச்சமிருக்கும் சூட்டைப் பிடுங்கி வீட்டுக்குள் தள்ளிவிடும். நல்ல சாதனம். ஒரே ஒரு குறை, அது மின்சாரத்தில் ஓடியது. மின்சாரம் மன்னருடையது.

ஆகவே முதல் ஆணை வந்தது. குடிமக்கள் தங்களுக்கேற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நீலக் கட்டணத்தில் எந்நேரமும் ஒரே விலை. மஞ்சள் கட்டணத்தில் இரவில் மலிவு, மாலையில் கொள்ளை விலை. சிவப்புக் கட்டணத்தில் எந்நேரமும் கொள்ளை விலை.

"செவப்ப யாருங்க எடுப்பாங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"எவரும் எடுக்கத் தேவையில்லை. அது வழங்கப்படும்" என்றார் மின்னமைச்சர் பரிதிவாணர்.

சுங்கத் தெருவில் குடியிருந்த மரகதவல்லிக்கு இதில் ஒரு அவசரம் இருந்தது. அவள் மகள் இளவஞ்சி, தலைப்பிரசவத்துக்குத் தை மாதம் தாய்வீடு வர வேண்டும். வீடு கதகதப்பாக இருந்தால்தான் அனுப்புவேன் என்று சம்பந்தியம்மாள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"மஞ்சள் எடுப்போம். ராத்திரியெல்லாம் ஓட்டிச் சுவரச் சூடாக்கிட்டா, பகல் பூரா தாங்கும்" என்றார் கணவர் கோதண்டம்.

"தூங்குற நேரத்துல சூடு எதுக்கு? போர்வ இல்லையா?" என்று மரகதவல்லி நீலத்தை எடுத்தாள். ஒரே சுவரைப் பொதுவாகக் கொண்ட பக்கத்து வீட்டுப் பூங்காவனம் மஞ்சளை எடுத்தது அப்போது அவளுக்குத் தெரியாது. தெரியாதவரை சுகமாக இருந்தாள்.

இரண்டாம் ஆணை அதைத் தெரியப்படுத்தியது. ஒளிவுமறைவற்ற ஆட்சியின் அடையாளமாக, அவரவர் கட்டணத்தின் நிறத்தை அவரவர் வாசற்கதவில் பூச வேண்டும் என்றார்கள். பூசினார்கள். அன்றிலிருந்து தெருவில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் விடியலில் பூங்காவனம் சால்வை இல்லாமல் கோலம் போட்டாள். மரகதவல்லி ஜன்னலோரம் நின்று, அவள் கடைசிப் புள்ளி வைக்கிறவரை பார்த்தாள்.

"வேணும்னேதான் சால்வ இல்லாம வர்றா."

"அவளுக்குக் குளிரல, போடல" என்றார் கோதண்டம்.

"எனக்குக் காட்டத்தான் போடல."

கூதற்கோட்டையில் ஒரு வீட்டின் கதகதப்பை அளக்க வேறு கருவி வேண்டாம், தோசை மாவு போதும். குளிர்ந்த வீட்டில் மாவு பொங்காது. மரகதவல்லி வீட்டு மாவு பொங்கத்தான் செய்தது. பொதுச்சுவர் மாடத்தில் பாத்திரத்தை வைத்தால் காலையில் விளிம்பு வரை வந்து நிற்கும். இத்தனை நாள் அது போதுமானதாக இருந்தது. அன்று பார்த்து பூங்காவனம் ஒரு கிண்ணத்தோடு வந்தாள்.

"மாவு பொங்கி வழிஞ்சுபோச்சுக்கா. வீணாப் போகுதேன்னு கொண்டாந்தேன்."

"இங்கயும் வழியுதும்மா, ஊத்தி வைக்க ஏனமில்ல" என்று மரகதவல்லி கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டாள். பிறகு விளிம்போடு நின்ற தன் மாவை வெகுநேரம் வெறித்தாள்.

இப்படி நாடெங்கும் வெறித்துக்கொண்டிருந்த வேளையில்தான் மூன்றாம் ஆணை வந்தது. தன் கட்டணத்தைக் குறைக்கும்படி எவரும் மனுச் செய்யக் கூடாது. அது சுயநலம். ஆனால் பக்கத்து வீட்டுக் கட்டணத்தை உயர்த்தும்படி மனுச் செய்யலாம். அது சமூக அக்கறை. மனுக் கொடுத்தவர் பெயர் வெளியிடப்படாது.

"அரசு எவருடைய சூட்டையும் பறிப்பதில்லை. மக்கள் விரும்பிக் கேட்டால் மறுப்பதுமில்லை" என்று மின்னமைச்சர் விளக்கினார். கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

மரகதவல்லி மனுக் கொடுத்தாள். கோதண்டத்திடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரமே சேவகர்கள் வந்து பூங்காவனத்தின் கதவில் சிவப்பு பூசினார்கள். பூங்காவனம் பெட்டியை நிறுத்திவிட்டாள். அடுத்த விடியலில் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி, நடுங்கும் கையால் கோணல்மாணலாகக் கோலம் போட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே குடித்த காபி மரகதவல்லிக்குச் சர்க்கரை இல்லாமலே இனித்தது. காபியை வைத்துவிட்டு, தோசை சுடலாம் என்று மாவை எடுத்தாள்.

மாவு பொங்கவில்லை.

உளுந்தைக் குறை சொன்னாள். புது உளுந்து வாங்கி அரைத்தாள். அதுவும் பொங்கவில்லை. அரிசியை மாற்றினாள், உப்பைக் கையாலே கலந்தாள். மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. கடைசியில் மாடத்துக்குள் கைவிட்டுச் சுவரைத் தொட்டாள். கிணற்றுக் கல்லைப் போல் சில்லென்றிருந்தது.

"இம்புட்டு நாளா அந்தப் பக்கத்துச் சூட்டுலதான் நம்ம மாவு பொங்கிருக்கு" என்றார் கோதண்டம். "ராத்திரியெல்லாம் அவ ஓட்டுனா, சுவரு நமக்கும் சேத்துத்தானே சூடாச்சு. இப்ப என்ன கேடோ, நிறுத்திட்டா."

மரகதவல்லி சால்வையை எடுத்துக்கொண்டு கட்டண அலுவலகத்துக்கு ஓடினாள்.

"ஐயா, நான் குடுத்த மனுவத் திருப்பிக் குடுத்துடுங்க. அவளுக்கு மஞ்சளே இருக்கட்டும்."

அலுவலர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "உயர்த்தக் கோரலாம் அம்மணி. தாழ்த்தக் கோருவது சலுகை கேட்பதாகும். தன்மானமுள்ள குடிமக்களுக்குச் சலுகை இழுக்கு."

"எம்மக பிரசவத்துக்கு வர்றாங்கய்யா."

"வாழ்த்துகள். தங்கள் கதவுக்கும் இன்று சிவப்பு பூச வருவார்கள். தங்கள்மேல் அக்கறை கொண்ட ஒருவர் மனுச் செய்திருக்கிறார்."

வெளிப்படியில் பூங்காவனம் நின்றிருந்தாள். தன் பெட்டி நின்ற பின், சாயங்காலம் பொதுச்சுவர் வழியே வரும் சூடாவது மிஞ்சட்டும் என்று அவளும் தன் மனுவைத் திரும்பக் கேட்க வந்தவள்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதில் இருவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது.

"நீயாடி?"

"சாயங்காலமும் பயமில்லாம பொட்டிய ஓட்டுனீங்க, ஜன்னலெல்லாம் வேர்த்து வழிஞ்சுது. நான் விலைக்குப் பயந்து சாயங்காலமெல்லாம் நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். வயிறு எரிஞ்சுதுக்கா" என்றாள் பூங்காவனம். "அப்ப எம்மேல மனுக் குடுத்தது நீங்களா?"

மரகதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு நடந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. பற்கள் மட்டும் அடித்துக்கொண்டன.

தை பிறப்பதற்குள் சம்பந்தியம்மாள் நேரில் வந்து பார்த்தாள். சிவப்புக் கதவைப் பார்த்தாள். மாவுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தும் பார்த்தாள். "மாவே தாங்காத வீட்டுல பச்சப்புள்ள எப்படித் தாங்கும்? பிரசவம் எங்ககிட்டயே நடக்கட்டும்" என்றாள். இளவஞ்சி வரவில்லை. பேரன் பிறந்த செய்தி மட்டும் வந்தது.

அந்த மாதமே தேர்தலும் வந்தது. எதிர்த்து நின்றவர், எல்லா வீட்டுக்கும் ஒரே மலிவுக் கட்டணம் தருவேன் என்றார். மக்கள் கேட்டுக்கொண்டார்கள். பிறகு மன்னர் பேசினார்.

"என் ஆட்சியில் ஒரு வீட்டையாவது நான் குளிரச் செய்தேனா? ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டாரின் விருப்பப்படியே குளிர்ந்தது. இதுவல்லவா மக்களாட்சி! மீண்டும் வாய்ப்புத் தாருங்கள். இனி எதிர் வீட்டின் மீதும் மனுச் செய்யும் உரிமை தருகிறேன்."

கைதட்டல் எழுந்தது. தட்டினால் கை சூடாகிறது என்பதும் ஒரு காரணம்.

மரகதவல்லி கூழாங்கல்லைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு கிளம்பினாள். இன்னும் முகம் பாராத பேரனை நினைத்துக்கொண்டாள். எந்தப் பானையில் போடுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் வாசலைத் தாண்டினாள். அப்போது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. நீலக் கதவு. அங்கே குடியிருக்கும் விசாலம் சால்வை இல்லாமல் வெளியே வந்து, விசிறிக்கொள்வதுபோல் முந்தானையை ஆட்டினாள்.

மரகதவல்லியின் கல் எந்தப் பானையில் விழுந்தது என்று சொல்வது சட்டப்படி குற்றம். நெடுங்கதிர் மறுபடியும் முடிசூடினார் என்று சொல்லலாம்.

இப்போது கூதற்கோட்டையில் எல்லாக் கதவும் சிவப்பு. எந்த வீட்டிலும் மாவு பொங்குவதில்லை. அரண்மனையில் மட்டும் தினமும் காலையில் மல்லிகைப்பூப் போல இட்லி என்று கேள்வி. அரண்மனைக்குப் பக்கத்து வீடும் கிடையாது, எதிர் வீடும் கிடையாது.