கூற்று, காரணம், கீரி

ஒரு காட்டில் சிங்கம் இருந்தது. இந்தக் கதைக்கு அது தேவையில்லை, தூங்கட்டும்.

அதே காட்டில் ஆற்றோரத்து வளையில் ஒரு கீரி இருந்தது. மழை பிடித்தால் வளைக்குள் தண்ணீர் ஏறும். குட்டிகளுக்கு இன்னும் கண்ணே சரியாகத் திறக்கவில்லை. மேட்டில் ஒரு வளை சும்மா கிடந்தது. பேசாமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் காடு முன்னேறிவிட்டதாம். அதனால் வினாடி வினா வைத்தார்கள். ஜெயித்தால் மேட்டு வளை.

கடைசிச் சுற்றுக்குக் கீரியும் மயிலும் வந்தன. மயில் மரத்தில் தூங்குகிற ஜென்மம். அதற்கு எதற்கு வளை? யாரும் கேட்கவில்லை.

கேள்வி கேட்டது நாரை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஆரம்பித்தது: "முற்காலத்தில் கடல் கடந்து வந்த பயணி ஒருவர் தம் குறிப்புகளில் வியந்து..."

மயில் பஸ்ஸரை மிதித்தது. "மிளகு!"

"மிகச் சரி!"

"சார், இன்னும் கேள்வியே வரலையே!" என்றது கீரி.

"கடல் கடந்த பயணின்னாலே மிளகுதான்க்கா," என்றது மயில். "வருஷா வருஷம் அதேதான். கேள்வியை முழுசா கேக்குறவங்க எப்பக்கா ஜெயிச்சாங்க?"

எப்படியோ தட்டுத்தடுமாறிக் கீரியும் மார்க் எடுத்தது. கடைசிக் கேள்விக்கு வரும்போது மயில் ஒரே ஒரு மார்க்தான் முன்னால் இருந்தது. கேள்வி கீரிக்கு.

"கூற்று: பாம்புக்கடியால் கீரி சாவதில்லை. காரணம்: கீரி சண்டைக்குப் பிறகு மூலிகை தின்கிறது. அ, கூற்று மட்டும் சரி. ஆ, காரணம் மட்டும் சரி. இ, இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. ஈ, இரண்டும் சரி, ஆனால் விளக்கவில்லை."

கூட்டம் கைதட்டியது. கீரியிடமே கீரியைப் பற்றிக் கேள்வி!

"ரெண்டுமே தப்பு சார்," என்றது கீரி.

"அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையேம்மா."

"எங்க வீட்டுக்காரரு பாம்பு கடிச்சுத்தான் சார் செத்தாரு. மூலிகையாவது மண்ணாவது!"

"சொந்தக் கதையெல்லாம் இங்க வேணாம்மா. தவறான விடை, ஒரு மார்க் மைனஸ். மயில்?"

"இ!"

"மிகச் சரி!"

கீரி அப்பீல் செய்தது. நடுவர் குழு கூடி, கேள்வி தப்புதான் என்று ஒப்புக்கொண்டது. அதனால் அந்தக் கேள்விக்கு இருவருக்கும் முழு மார்க். இருவருக்கும்! மயில் மறுபடியும் அதே ஒரு மார்க் முன்னால்.

"நியாயம் கிடைச்சுதாம்மா?" என்றது நாரை.

அன்று சாயங்காலமே மழை கொட்டியது. கீரி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் மேட்டு வளையில் போட்டது. மயில் நாரையைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"விதிமுறைப்படி நீங்க காலி பண்ணணும்மா," என்றது நாரை, வளை வாசலில் நின்றபடி.

கீரி வெளியே வந்து நாரையின் காலைக் கவ்வியது. வாய் நிறையக் கால் இருந்ததால் வாதம் எதுவும் செய்யவில்லை. லேசாக அழுத்தியது, அவ்வளவுதான்.

நாரை தொண்டையைச் செருமியது. "மறுமதிப்பீட்டில் கீரியம்மா வெற்றி பெற்றிருக்காங்க."

"எத்தனை மார்க் வித்தியாசம்?" என்று கத்தியது மயில்.

"அவங்க விடட்டும், சொல்றேன்."

நீதி: உன்னைப் பற்றியே கேள்வி வந்தாலும் உண்மையைச் சொல்லாதே, கேள்வி எழுதியவர் உன்னை என்னவாக நினைத்தாரோ அதைச் சொல். கூர்மையான பல் உள்ளவர்கள் இந்த நீதியைப் படிக்க வேண்டியதில்லை.